பொது எண்ணுக்கு யார் பொறுப்பு?

உங்கள் காரின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சேசிஸ் எண் என்ற வரியில் எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் இருக்கும். ஐஎஸ்ஓ 3779 என்ற உலகத் தரம் வகுத்த முறை அது. ஆங்கிலத்தின் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று எழுத்துகளும் அதில் வராது. ஒன்று என்றோ பூஜ்யம் என்றோ யாரும் மாற்றிப் படித்துவிடக் கூடாதே என்ற முன்யோசனை. முதல் மூன்று குறிகள் எந்த நாடு, எந்த நிறுவனம் என்று சொல்லும். இந்தியாவில் செய்த வண்டி என்றால் 'எம்' என்று தொடங்கும். நடுவில் மாடல், இன்ஜின் வகை முதலான விவரங்கள். கடைசியில் வரிசை எண்.

அந்த வரிசை எண் எங்கிருந்து வந்தது? ஒரு காருக்குத் தன் எண் தெரியும். தனக்குப் பின்னால் லைனில் வரும் காருக்கு என்ன எண் போட வேண்டும் என்று அதற்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. 'அடுத்த எண் எது' என்ற கணக்கு எந்தக் காருக்குள்ளும் இல்லை. எல்லாக் கார்களுக்கும் பொதுவாக, ஓரிடத்தில், ஒன்றே ஒன்றாக இருக்கிறது. சென்னையை ஒட்டிய இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் முதல் சான்ட்ரோ கார் வெளிவந்தது முதல், இன்று ஒரகடத்து லைன்களில் இறங்கும் கார், லாரி, மோட்டார் சைக்கிள் வரை, இந்த வட்டாரத்தில் பிறந்த ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால் இப்படி ஒரு பொதுக் கணக்கு ஓடியிருக்கிறது.

நிரல் எழுதுகிறவர்கள் இத்தகைய பொது இருப்பை ஸ்டாடிக் வேரியபிள் என்பார்கள். அந்த இருப்பைக் கையாளும் செயலை ஸ்டாடிக் ஃபங்ஷன் என்பார்கள். இந்த வட்டாரத்து உதிரிபாக ஆலைகளுக்கு உற்பத்திக் கணக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பரம்பாக்கத்தில் என் வீட்டு மாடியில் வகுப்பும் எடுக்கிறேன். வருகிறவர்கள் டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்துவிட்டு ஷிப்டில் நிற்கும் பிள்ளைகள்; மாலையில் பி.இ. சேர்ந்து படிக்கும் சிலரும் உண்டு. இந்த இரண்டு வேலைகளும் சேர்ந்து எனக்கு ஒரு கருத்தைத் தந்திருக்கின்றன. ஸ்டாடிக் என்ற விஷயத்தை நாம் இரண்டு மார்க் கேள்வியாகச் சுருக்கி வைத்திருக்கிறோம். 'இது யாருடையது, இதை யார் மாற்றலாம்' என்ற கேள்வியாக அதைக் கற்பிக்க வேண்டும். கணினி படிப்பவர்களோடு நிறுத்திவிடாமல், லைனில் நிற்பவர்களுக்கும் கற்பிக்க வேண்டும்.

முதலில் விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கிளாஸ் என்பது ஒரு பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற வரைவு. அந்த வரைவின்படி உருவாகும் ஒவ்வொன்றும் ஓர் ஆப்ஜெக்ட். 'கார்' என்று ஒரு கிளாஸ் எழுதுகிறோம். அதில் நிறம், சேசிஸ் எண், குறைப் பட்டியல் என்று மூன்று வேரியபிள்கள் வைக்கிறோம். ஆயிரம் கார்களை உருவாக்கினால் கணினியின் நினைவகத்தில் ஆயிரம் நிறங்கள் ஆயிரம் இடங்களில் உட்காரும். 'அடுத்த எண்' என்ற வேரியபிளை மட்டும் ஸ்டாடிக் என்று அறிவித்தால் அதற்கு ஒரே இடம்தான். ஒரு கார்கூட உருவாகாதபோதும் அது இருக்கும். ஆயிரம் கார் உருவான பிறகும் அது ஒன்றாகவே இருக்கும். ஜாவா மொழியில், அந்தக் கிளாஸை நிரல் முதன்முதலாகப் பயன்படுத்தும்போது அது உயிர்பெறும். நிரல் நிற்கும்வரை இருக்கும்.

'அடுத்த எண்ணைக் கொடு' என்பது ஸ்டாடிக் ஃபங்ஷன். அதைக் கூப்பிட எந்தக் காரும் தேவையில்லை. கிளாஸின் பெயரைச் சொன்னால் போதும். அதற்குள்ளிருந்து 'நிறம் என்ன' என்று கேட்டால், நிரலைச் சரிபார்த்து மொழிபெயர்க்கும் கம்பைலர் மறுத்துவிடும். ஸ்டாடிக் ஃபங்ஷன் ஆப்ஜெக்ட்டின் வேரியபிளை நேரடியாகத் தொட முடியாது என்பதைக் கல்லூரியில் விதியாக மனப்பாடம் செய்கிறார்கள். என் வகுப்பில் ஒயரிங் ஹார்னஸ் லைனில் வேலைபார்க்கும் பெண் ஒருத்தி இந்த இடம் வந்ததும், "எந்தக் காரோட நிறம்னு அதுக்கு எப்படிக்கா தெரியும்?" என்று கேட்டாள். விதி முழுவதும் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. லைனில் எத்தனையோ கார் நிற்கும்போது, எந்தக் காரையும் சுட்டாமல் நிறம் கேட்பது பொருளற்றது. அவள் எந்த விதியையும் மனப்பாடம் செய்திருக்கவில்லை.

ஜாவா நிரல்களின் தொடக்கமான மெயின் என்ற ஃபங்ஷன் ஏன் ஸ்டாடிக்காக இருந்து வந்தது என்பதும் இதிலிருந்தே விளங்கும். நிரல் தொடங்கும் கணத்தில் எந்த ஆப்ஜெக்ட்டும் பிறந்திருக்காது. பிறக்கவைக்க யாராவது முதலில் நகர வேண்டும். அவர் எந்த ஆப்ஜெக்ட்டையும் சார்ந்திருக்க முடியாது. 2025 செப்டம்பரில் வந்த ஜாவா 25 பதிப்பில் அந்தக் கட்டாயத்தைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஆப்ஜெக்ட்டை ஜாவாவே உருவாக்கிக்கொண்டு மெயினைக் கூப்பிடும். சி பிளஸ் பிளஸ் மொழியின் கதையும் கவனிக்கத்தக்கது. பியார்ன் ஸ்ட்ராவ்ஸ்ட்ரப் 1979இல் பெல் ஆய்வகத்தில் அந்த வேலையைத் தொடங்கினார். ஸ்டாடிக் ஃபங்ஷன்களோ 1989இல் வந்த 2.0 பதிப்பில்தான் சேர்ந்தன. அதுவரை, ஆப்ஜெக்ட் இல்லாமல் கிளாஸின் ஃபங்ஷனைக் கூப்பிட வேண்டியிருந்தவர்களில் சிலர், இல்லாத ஆப்ஜெக்ட் ஒன்றை இருப்பதாகக் காட்டிக் கூப்பிட்டார்கள். தேவை முதலில் வந்தது. இலக்கணம் பிறகு வந்தது. நம் வகுப்பறைகளில் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது.

இனி, பொது இருப்பு கெட்டுப்போகும் வழிகள். பாடம் கனம்பெறுவது இங்கேதான்.

பைத்தான் மொழியில் பிள்ளைகள் அடிக்கடி செய்வது ஒன்று உண்டு. குறைப் பட்டியலை ஒவ்வொரு காருக்கும் தனியாக உருவாக்காமல் கிளாஸின் மட்டத்திலேயே எழுதிவிடுவார்கள். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். ஒரு காரின் கதவில் கீறல் என்று பதிந்தால் எல்லாக் காரின் பட்டியலிலும் கீறல் வந்து நிற்கும். தனித்தனியாக இருக்க வேண்டியதைப் பொதுவில் வைத்ததன் விளைவு அது. நல்ல வண்டியும் ரீவொர்க்குக்குப் போகும்.

இரண்டாவது வழி இதைவிட நுட்பமானது. அடுத்த எண்ணில் ஒன்றைக் கூட்டு என்று நாம் ஒரே வரியில் எழுதினாலும், கணினிக்கு அது மூன்று வேலை: இருப்பதைப் படிப்பது, ஒன்று கூட்டுவது, திரும்ப எழுதுவது. நிரலின் இரண்டு கிளைகள் ஒரே நேரத்தில் ஓடினால், இரண்டும் 500 என்று படித்து, இரண்டும் 501 என்று எழுதக்கூடும். இரண்டு பாகங்களுக்கு ஒரே எண். இது எப்போதாவதுதான் நடக்கும் என்பதால் சோதனையில் சிக்காது. 'ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திரு' என்று பூட்டுவதற்கு ஜாவா தொடக்கத்திலிருந்தே வழி வைத்திருந்தது. 2004இல் வந்த ஜாவா 5, பிரிக்க முடியாத ஒரே செயலாகக் கூட்டித்தரும் எண் வகையையும் சேர்த்தது.

மூன்றாவது வழியை ஓர் ஆலையில் நேரில் பார்த்தேன். அங்கே ஒரு லைனுக்கு எழுதிய லேபிள் நிரல் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது லைன் போட்டபோது அதே நிரலை இன்னொரு கணினியில் ஏற்றினார்கள். ஸ்டாடிக் என்பது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலுக்குள் மட்டுமே ஒன்று; இன்னொரு கணினியில் அதற்கு இன்னொரு பிறவி. இரண்டு லைனும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கின. உள்ளே போட்ட பூட்டு எதற்கும் உதவவில்லை, ஏனென்றால் பூட்டும் இரண்டாகிவிட்டது. ஒரே எண் கொண்ட இரண்டு லேபிள்களை முதலில் கண்டவர் பேக்கிங்கில் நின்ற கான்ட்ராக்ட் தொழிலாளி. அவர் சொன்னபோது "ஸ்கேனர் சரியில்லை, துடைத்துவிட்டு அடி" என்று பதில் வந்தது. சரக்கு வெளியேறிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பிறகு எத்தனை பேர் எத்தனை பெட்டிகளைப் பிரித்தார்கள் என்பதை இந்த வட்டாரத்தில் வேலைபார்ப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான்காவது வழி மின்வெட்டு. நிரல் நின்றால் ஸ்டாடிக்கும் போய்விடும். திரும்ப ஓட்டினால் எண்ணிக்கை தொடக்கத்திலிருந்து வரும். ஆகவேதான் சேசிஸ் எண் போன்ற, ஒருபோதும் இரட்டிக்கக் கூடாத எண்களை நிரலின் நினைவில் வைக்கக் கூடாது. எல்லாக் கணினிகளும் கேட்டு வாங்கும் ஒரே டேட்டாபேஸில் வைக்க வேண்டும். 'கிளாஸுக்கு ஒன்று' என்ற வரையறையை மட்டும் படித்தவருக்கு இது தோன்றாது. 'ஒன்று என்றால் எங்கே ஒன்று? எதுவரை ஒன்று?' என்று கேட்கப் பழகியவருக்குத் தோன்றும்.

பொது இருப்பைப் பற்றிச் செம்பரம்பாக்கத்தில் உட்கார்ந்துகொண்டு பேசும்போது ஏரியைச் சொல்லாமல் இருக்க முடியாது. முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி, முழு ஆழம் 24 அடி. ஏரிக்கு ஒரே நீர்மட்டம்தான். யார் வந்து அளவுகோலைப் பார்த்தாலும் அதே எண். சென்னைக்குக் குடிநீர் கேட்பவரும், அடையாறு கரையில் குடியிருப்பவரும் அந்த ஒரே எண்ணைச் சார்ந்திருக்கிறார்கள். 5 கண் மதகையும் 19 கண் மதகையும் நினைத்தவர் நினைத்தபோது திறக்க முடியாது. அதற்கு ஒரு துறை, ஒரு விதி, ஒரு பதிவேடு இருக்கிறது. அப்படி இருந்தும் 2015 டிசம்பர் 1ஆம் தேதி இரவு, திறப்பு விநாடிக்கு 29,000 கன அடிவரை போனபோது, இங்கே எடுத்த முடிவு சைதாப்பேட்டையிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் வெள்ளமாக நுழைந்தது. பொது இருப்பின் இயல்பு இது. மாற்றம் ஓரிடத்தில், விளைவு பல மைல் தள்ளி. நிரலில் ஸ்டாடிக் வேரியபிளை யாரும் தொடும்படி திறந்து வைப்பது, மதகின் சாவியைத் தெருவில் வைப்பதற்குச் சமம். அதை மறைத்து வைத்து, சரிபார்த்து மாற்றும் ஒரே ஃபங்ஷனை வாயிலாக நிறுத்துவதுதான் முறை. எது எப்போது மாறியது என்று பதியவும் அந்த வாயில்தான் இடம்.

கார்த் தொழிலிலேயே இதற்குப் பெரிய எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 2007இல் டொயோட்டா கேம்ரி ஒன்று விபத்துக்குள்ளாகி ஓர் உயிர் போனது. 2013 அக்டோபரில் ஜூரி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. வழக்கில் வாதி தரப்பு மென்பொருள் நிபுணர்கள், வேகத்தைக் கட்டுப்படுத்தும் நிரலில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொது வேரியபிள்கள் இருந்ததைப் பெருங்குறையாக எடுத்துவைத்தார்கள். அதற்கு முன்பு 2011இல் நாசா பொறியாளர்கள் பங்கேற்ற அரசு ஆய்வு, தானாக வேகமெடுத்ததற்கு மின்னணுக் காரணம் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விபத்தின் காரணத்தில் வாதம் இருக்கலாம். அத்தனை பொது வேரியபிள்கள் இருந்தால் எதை எது மாற்றுகிறது என்று ஒரு மனிதரால் பின்தொடர முடியாது என்பதில் வாதமில்லை. அது சி மொழியில் எழுதிய நிரல். அங்கே கிளாஸ் கிடையாது. ஆனால் யாரும் மாற்றும்படி திறந்துவிட்ட ஸ்டாடிக் வேரியபிள், கிளாஸின் பெயரைப் போர்த்திக்கொண்ட அதே பொது வேரியபிள்தான்.

ஸ்டாடிக்கே வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஆண்ட்ராய்டு செயலிகளுக்குப் பரவலாகப் பயன்படும் காட்லின் மொழியில் அந்தச் சொல்லே கிடையாது, ஸ்காலாவிலும் கிடையாது. ஆனால் அந்த மொழிகளை எடுத்துப் பாருங்கள்: கிளாஸுக்குத் துணையாக நிற்கும் ஒற்றை ஆப்ஜெக்ட் என்ற பெயரில் அதே வேலைக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். எல்லோருக்கும் பொதுவானது என்று ஒன்று உலகத்தில் இருக்கும்வரை நிரலில் அதற்கு இடம் வேண்டும். மாறாத பொதுவால் ஆபத்தில்லை. ஒரு மாடலின் சக்கர நட்டுக்கு எவ்வளவு டார்க், அதாவது முறுக்குவிசை, என்ற வரம்பு எல்லாக் காருக்கும் ஒன்றுதான். அதை மாற்ற முடியாத ஸ்டாடிக்காக வைப்பதே சரி. எதையும் நினைவில் வைக்காமல், கொடுத்ததைக் கணக்கிட்டுத் திருப்பித் தரும் ஸ்டாடிக் ஃபங்ஷனாலும் ஆபத்தில்லை. ஜாவாவின் வர்க்கமூலம் கணக்கிடும் ஃபங்ஷன் அந்த வகை. சோதிக்கவும் அதுவே எளிது. ஆபத்து, மாறக்கூடிய பொதுவில் இருக்கிறது. அதை ஒழிக்க முடியாத இடங்களில், காவல் யார் என்பதை முடிவு செய்தாக வேண்டும்.

"இதெல்லாம் சாஃப்ட்வேர்காரர்கள் பாடு, லைனில் நிற்கிறவருக்கு எதற்கு?" என்று கேட்பவர்களுக்கு ஆஸ்லோவிலிருந்து பதில் இருக்கிறது. கிளாஸ், ஆப்ஜெக்ட் என்ற கருத்துகளை உலகுக்குத் தந்த சிமுலா 67 மொழியை நார்வே கணிப்பு மையத்தில் உருவாக்கியவர்கள் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் என்ற இருவர். அதற்காக 2001ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்கள். அந்த நிகார்ட், 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். தொழிற்கூடத்துக்குள் வரும் கணினி அமைப்புகளைத் தொழிலாளர்களே புரிந்துகொண்டு, அவற்றின் மீது கருத்துச் சொல்ல வேண்டும் என்பது அந்த முயற்சியின் நோக்கம். அதைத் தொடர்ந்து 1975இல் அந்நாட்டுத் தொழிற்சங்கக் கூட்டமைப்புக்கும் முதலாளிகள் அமைப்புக்கும் இடையே கணினி அமைப்புகள் குறித்துத் தேசிய அளவில் ஒப்பந்தமே ஏற்பட்டது. ஆப்ஜெக்ட் வழி நிரலாக்கத்தை உருவாக்கியவர்களில் ஒருவரே கணினி அமைப்புகளைப் பற்றிய அறிவை உலோகத் தொழிலாளரிடம் கொண்டுபோனார் என்ற வரலாறு, ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் கற்பிக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு தொழிலாளியின் நாளை அளப்பது எண்கள்தான். ஷிப்டுக்கு எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், லைன் எத்தனை நிமிடம் நின்றது என்பதெல்லாம் போர்டில் ஓடுகிறது. அவற்றில் எது அவருடைய ஸ்டேஷனுக்கு மட்டும் உரியது, எது இரண்டு ஷிப்டும் சேர்ந்து ஏற்றும் பொதுக் கணக்கு என்பது அவருக்குத் தெரியாவிட்டால், தன் மேல் விழும் குறையை அவர் எப்படிக் கேள்வி கேட்பார்? நிரலை இனி செயற்கை நுண்ணறிவு எழுதித்தரும் என்கிறார்கள், எழுதட்டும். 'இந்த எண் இந்த லைனுக்கு மட்டுமா, ஆலை முழுவதற்குமா?' என்பதை அதற்குச் சொல்ல வேண்டியவர், ஆலையை அறிந்த மனிதர்.

செய்ய வேண்டியவை கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் ஆப்ஜெக்ட் வழி நிரலாக்கப் பாடத்தின் முதல் அலகிலேயே ஸ்டாடிக் உறுப்புகள் வந்துவிடுகின்றன. அங்கே 'ஸ்டாடிக் என்றால் என்ன' என்ற கேள்வியை நிறுத்திவிட்டு, ஒரு சூழலைக் கொடுங்கள்: இரண்டு லைன், ஒரு மாடல், எட்டு விவரங்கள், எது ஒவ்வொன்றுக்கும் உரியது, எது பொது, பொதுவானதை யார் வழியாக மாற்றுவாய், மின்சாரம் போனால் என்ன ஆகும்? விடையை மனப்பாடம் செய்ய முடியாது. யோசித்துத்தான் எழுத வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளைத் தொழில் 4.0 மையங்களாக உயர்த்தும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அங்கே ரோபோவும் சிஎன்சியும் பழகும் பிள்ளைகளுக்கு, அந்த இயந்திரங்கள் பகிர்ந்துகொள்ளும் எண்களைப் பற்றியும் சில மணி நேரம் ஒதுக்குங்கள். ஆலைகள், அப்ரெண்டிஸ் பயிற்சியின் முதல் வாரத்தில், லேபிளில் உள்ள எண் எங்கே பிறக்கிறது என்று காட்டட்டும். அதற்கு மென்பொருள் ரகசியம் எதையும் திறக்க வேண்டியதில்லை.

அன்று பேக்கிங்கில் நின்றவர் கண்டது சரி. "ஒரே எண் இரண்டு இடத்திலிருந்து வருகிறது, கணக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்" என்று சொல்லும் மொழி மட்டும் அவரிடம் இல்லை. அந்த மொழி கடினமானதன்று. எட்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் பிள்ளைகள் அதை ஒரு ஞாயிறு பிற்பகலில் பிடித்துக்கொள்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதை அவர்களுக்குக் கொடுப்பது கல்வித் துறையின் கடமை; கொடுத்த பிறகு அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவது ஆலைகளின் கடமை.